பரிசாகப் போன கிரைண்டர்

என் கிரைண்டர் பரிசாகப் போன சங்கதியை நான் ஒலிபெருக்கிக் குழாயில்தான் கேட்டேன். போன வருஷம் மாசியில் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எந்த ஊரில் மாடு அவிழ்த்தாலும் மைக் பிடிக்கிறவர் எங்கள் வீட்டு மனுஷர்தான். நாகராசு சவுண்ட் சர்வீஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் வாடிவாசலுக்குப் பக்கத்து மேடையில் நின்று கத்துவது எங்கள் தெருப் புளியமரத்தில் கட்டியிருந்த குழாயில் கணீரென்று கேட்டது. நான் மாவுக்கு ஊறவைத்த அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன்.

"அடுத்து வாரது செவலைக் காளை! இந்தக் காளையப் பிடிக்கிற வீரருக்கு, விழாக் கமிட்டி சார்பா ஒரு அண்டா! நாகராசு சவுண்ட் சர்வீஸ் சார்பா, எங்க வீட்டுல இருக்குற கிரைண்டர்!"

அரிசிச் சட்டியோடு அப்படியே நின்றேன். ஊர் விசில் அடித்தது. அதற்குள் அடுத்த காளை வந்துவிட்டது. அதற்கு மிக்சி. அதற்கடுத்த காளைக்கு டேபிள் ஃபேன். கருப்புக் காளை ஒன்று பிடிபடாமல் தாண்டிப் போனதற்கு மாட்டுக்காரருக்கு எங்கள் பீரோ. நல்லவேளை, சாயங்காலம் நேரம் முடிந்துவிட்டது. இன்னும் ரெண்டு காளை மிச்சமிருந்தால் என்னையும் பரிசாக அறிவித்திருப்பார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வாடிவாசல் மைக்கில் சொன்ன பரிசு சொன்னதுதான். தரவில்லை என்றால் எந்த ஊர் விசேஷத்துக்கும் தலை காட்ட முடியாது. பொழுது சாய்வதற்குள் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. கிரைண்டரை ஜெயித்தவன் அறிவுச்செல்வன், வடக்குத் தெருப் பையன். முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் அவ்வளவு மரியாதை.

"அக்கா, கல்லு தனியா இருக்கா? தேங்காய் திருவுறதும் இதோட சேந்ததுதானக்கா?" என்று கேட்டான்.

அது என் அண்ணன் சிங்கப்பூரில் சம்பாதித்து எனக்குச் சீராக வாங்கித் தந்த கிரைண்டர். எடுத்துக் கொடுத்தேன். தேங்காய் துருவியையும் கொடுத்தேன். ஊறிய அரிசியை மட்டும் நானே வைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முழுக்கவே எங்கள் வீட்டு மனுஷர் ஒரு நிலையில் இல்லை. தூக்கம் என்பதே கிடையாது. புதுக்கோட்டை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குழாய் செய்யப்போகிறேன் என்று கடையிலிருந்த அத்தனை ஆம்ப்ளிஃபயரையும் பிரித்துப் போட்டார். ஊரைச் சுற்றியுள்ள தைலமரத்தை எல்லாம் வெட்டிவிட்டு ரோஜாத் தோட்டம் போட வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸுக்குப் போய் நின்றார். ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொரு பேச்சு. நான் ஏதாவது சொன்னால், "ஒனக்கு இதெல்லாம் புரியாது புள்ள" என்று சிரிப்பார். ஊருக்கோ ஒரே கொண்டாட்டம். நாகராசுக்கு என்ன மனசு, என்ன வாய், சாமி வந்த மாதிரியில்ல பேசுறாரு என்று டீக்கடையில் பாராட்டு. சாமிதான் வந்தது என்று கொஞ்ச நாள் நானும் நினைத்தேன். சாமி எதற்கு என் மிக்சியைக் கேட்கிறது என்றுதான் விளங்கவில்லை.

பங்குனி பிறந்ததும் எல்லாம் அடங்கியது. அடங்கியது என்றால் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினால் அடங்குமே, அப்படி. சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ரேடியோ செட்டு கேட்டு வந்து, பார்த்துவிட்டு, வேறு ஆளைத் தேடிப் போனார்கள். பரிசு வாங்கிப் போனவர்களில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் தோட்டத்துப் பக்கம் போனேன். கிணற்று மேட்டில் காலை உள்ளே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்தேன்."

அவ்வளவு பயம் நான் வாழ்க்கையில் பட்டதில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன். மேலே விழுந்து அழுதேன். அவர் அழக்கூட இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன்.

பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு. டாக்டர் பேர் வித்யா. சின்னப் பெண். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கும் கதையை நான் சொன்னேன். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி எப்பவாவது தூங்காம, ரொம்ப உற்சாகமா, நிறுத்தாம பேசிக்கிட்டு இருந்தாராம்மா?" என்று கேட்டார். நான் கிரைண்டர் கதையைச் சொன்னேன். பீரோ கதையையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"இதுக்குப் பேரு இருமுனைக் கோளாறும்மா. பைபோலார்னு சொல்லுவோம். மனசு கொஞ்ச நாள் ரொம்ப மேல போகும், கொஞ்ச நாள் ரொம்ப கீழ போகும். அது அவரோட குணம் இல்ல, நோய். தொடர்ந்து மருந்து சாப்பிட்டா நல்லா இருக்கலாம்."

"அப்ப என் கிரைண்டரத் தூக்கிக் கொடுத்தது இவரு இல்லையா?"

"நோய்தாம்மா."

"அப்ப நோய்கிட்டப் போயித்தான் திருப்பிக் கேக்கணுமா?"

அப்போதுதான் டாக்டர் சிரித்தார். எங்கள் வீட்டு மனுஷரும் லேசாக உதட்டை அசைத்தார். பல நாளைக்கு அப்புறம் நான் பார்த்த முதல் அசைவு அது. எனக்கு மறுபடி அழுகை வந்தது.

லித்தியம் என்று ஒரு மாத்திரை. காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பின்னால். நேரத்துக்குத் தூக்கம். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சரி என்று பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸில்தானா உதயசூரியன் அண்ணன் வர வேண்டும்! ஜல்லிக்கட்டுக் கமிட்டித் தலைவர். எனக்கு அண்ணன் முறை. அவருடைய அப்பா தீவிரமான கட்சிக்காரர், பேரே சொல்லும். ஊரில் யாருக்கு என்ன என்று தெரியாவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்காது.

"என்ன மாப்புள, ஆஸ்பத்திரிப் பை வச்சிருக்கீக. எங்கிட்டுப் போயிட்டு வாரீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டு மனுஷர் முந்திக்கொண்டார். "சுகர் மச்சான்."

இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"பைத்தியம்னு சொல்லிருவாக செங்கமலம். அப்பறம் எவன் எனக்கு மைக் கொடுப்பான்?"

அவர் பிழைப்பு அதுதானே என்று விட்டுவிட்டேன். சுகர் என்று ஊருக்குத் தெரிந்ததும் ஆரம்பித்தது வேடிக்கை. டீக்கடையில் சீனி இல்லாத டீ. கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவன் எங்கள் ஆளைக் கண்டதும் வாளியை மறைத்துக்கொண்டு தாண்டிப் போவான். பக்கத்து வீட்டு முனியாயி அத்தை விடிந்தால் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாற்றோடு வந்து நிற்கும். குடித்து முடிக்கிற வரைக்கும் நகராது. ஜாங்கிரி என்றால் உயிரை விடுகிற மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன். பொய் சொன்ன வாய்க்குக் கசக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்தது. ஆடியில் கடையைத் திறந்தார். தீபாவளிக்குள் பிரித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயர்களை எல்லாம் மாட்டி முடித்தார். காலையில் எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய், ராத்திரி தூங்குகிற ஒரு ஆள் என் வீட்டில் இருந்தார். இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? கிரைண்டர் வேண்டும். அது வேறு விஷயம்.

தையில் உதயசூரியன் அண்ணன் வெற்றிலை பாக்கோடு வந்தார். இந்த வருஷ ஜல்லிக்கட்டுக்கும் மாப்பிள்ளைதான் மைக் என்றார். எங்கள் வீட்டு மனுஷருக்கு முகம் பூராவும் சந்தோஷம். நான் காப்பி கொடுத்துவிட்டு மரியாதைக்கு, "சிவரஞ்சனி எப்படிண்ணே இருக்கா?" என்று கேட்டேன். திருச்சியில் இன்ஜினியரிங் முடித்த பெண்.

"அவளுக்கென்னத்தா! பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறா. ரூம விட்டு வெளிய வாரதே இல்ல, சாப்பாடு கூட உள்ளதான். அவ்வளவு படிப்பு. அதுக்கு முன்னால ஐப்பசில பாத்திருக்கணும் நீ, ஒரே மூச்சா வீடு பூரா அவளே பெயின்ட் அடிச்சா. ராத்திரி பகல் தூக்கமே கெடையாது. எங்க ரத்தம்ல!"

பெருமையாகச் சொன்னார். எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் அண்ணன் அடுத்ததாகச் சொன்ன பேச்சில் என் புத்தி பூராவும் அங்கே போய்விட்டது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீக மாப்புள. பொங்கலுக்குக் கோயில்ல மைக்ல பேசினீகல்ல, கொரல்ல பழைய சூடு இல்ல. எல்லாம் அந்தச் சுகர் மாத்திரை செய்யுற வேலை. ஆளையே சொணங்க வச்சிருது. ஜல்லிக்கட்டுக்கு ரெண்டு நாளு விட்டுப்புடுங்க. நானும் சுகர்க்காரன்தான், எங்க கொழுந்தியா மக கல்யாணத்துக்கு ஒரு வாரம் மாத்திரைய விட்டேன். ஜாங்கிரியா வெட்டினேன். ஒண்ணும் ஆகல, இந்தா ஒங்க முன்னால குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அது சுகர் மாத்திரை இல்லை அண்ணே என்று சொல்ல நாக்கு துடித்தது. எங்கள் வீட்டு மனுஷர் கண்ணால் கெஞ்சினார். காப்பி டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அண்ணன் இன்னும் பாதி குடிக்கவே இல்லை.

அவர் போனதும் நான் பயந்த பேச்சே வந்தது. "ரெண்டு நாளுதானே செங்கமலம்."

"ரெண்டு நாளுமில்ல, ரெண்டு வேளையுமில்ல."

"ஒனக்குத் தெரியாது. போன வருசம் அந்த மேடைல நின்ன மாதிரி நான் ஒருநாளும் நின்னதில்ல. நெனைக்கிறதுக்கு முன்னாடி வாயில வார்த்தை வந்து நிக்கும். ஊரே என் வாயப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. இப்பப் பேசினா பஸ் ஸ்டாண்டுல பஸ் பேரு சொல்ற மாதிரி இருக்கு. அது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?"

பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. "பஸ் பேரு சொன்னாப் போதும். பஸ்ஸாவது ஒழுங்கா ஊரு போயிச் சேரும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ராத்திரி மாத்திரையை என் கண் முன்னால்தான் போட்டுக்கொண்டார். ஆனால் மாசி நெருங்க நெருங்க, மாத்திரை அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் ஒன்று வந்துவிட்டது.

ரத்தம் கொடுக்கப் போன அன்று டாக்டரிடம் கேட்டேன். மைக் பிடிப்பதே கூடாது என்று சொல்லிவிடுவார், நிம்மதி என்று நினைத்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"தாராளமா மைக் பிடிக்கட்டும்மா. அது அவரோட தொழில், அவரோட சந்தோஷம். ஆனா மாத்திரைய விடக்கூடாது. ரெண்டு நாளுன்னு சொல்லித்தான் நிறைய பேர் விடுறாங்க, அது ரெண்டு நாளோட நிக்கிறதில்ல. முந்தின ராத்திரி நல்லாத் தூங்கணும். வெயில்ல நிக்கிறாரு, தண்ணி நிறையக் குடிக்கணும். அது இந்த மருந்துக்கு ரொம்ப முக்கியம்."

"நான் பாத்துக்கிறேன் டாக்டர்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன்.

ஜல்லிக்கட்டு அன்று காலையில் மேடை ஏறினேன். ஒரு கையில் இட்லித் தூக்கு, ஒரு கையில் தண்ணீர்க் குடம், முந்தானையில் மாத்திரை. அவர் வீட்டில் மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட நேரமில்லை, அங்கே வந்து போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்தச் சாக்குக்கெல்லாம் நான் அசருகிற ஆளா?

கமிட்டிக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடிவாசல் மேடையில் பொம்பளை உட்கார்ந்து எங்கள் ஊரில் பழக்கமில்லை. ஒருத்தர், "காளை மெரளும் தங்கச்சி" என்றார்.

"இம்புட்டு வருசமா ஒங்க மூஞ்சியப் பாத்தே மெரளாத காளையா என்னையப் பாத்து மெரளப் போகுது? தள்ளி ஒக்காருங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கீழே விடியலிலிருந்தே பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கால்நடை டாக்டர்கள் ஒவ்வொரு காளையாகப் பார்த்து விட்டார்கள். இன்னொரு பக்கம் மாடுபிடிக்கிற பையன்களை வரிசையில் நிறுத்தி பிரஷர் பார்த்து, கண்ணைப் பார்த்து, பனியன் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்சம் படபடப்பு இருந்தவனைக்கூட ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அதில் ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

எங்கள் வீட்டு மனுஷர் மைக்கைப் பிடித்தார். நன்றாகத்தான் பேசினார். மாட்டின் பேர், மாட்டுக்காரர் ஊர், பிடித்தவர் நம்பர், எல்லாம் தெளிவாக. வழியை மறைக்காதே என்று சொன்னால் ஜனம் வழி விட்டது. எனக்கு அதுவே பெருமை. ஆனால் கேலரியில் இருந்தவர்களுக்குப் போதவில்லை. "அண்ணே, பழைய மாதிரிப் போடுண்ணே!" என்று ஒரு சத்தம். "பீரோ எங்கண்ணே? கட்டில் எங்கண்ணே?" என்று இன்னொரு சத்தம். சிரிப்பு. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது.

ஒரு இடைவெளியில் இட்லியை நீட்டினேன். சாப்பிட்டார். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். உதயசூரியன் அண்ணன் பார்த்துவிட்டார். அவர் கையிலும் ஒரு மைக். சும்மா இருப்பாரா?

"ஏ தங்கச்சி! இன்னைக்கி ஒரு நாளாவது அந்தச் சுகர் மாத்திரைய விடச் சொல்லுத்தா! மாப்புள்ளைக்குச் சூடு பிடிக்கட்டும்! என்னய்யா சொல்றீக?"

கேட்கவா வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்தது, கேலரி பூராவும் பரவிவிட்டது. "மாத்திரை வேணாம்! மாத்திரை வேணாம்!" கை தட்டித் தட்டிக் கத்தினார்கள். எல்லாரும் சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். ஒருத்தர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. போன வருஷச் சிரிப்பு. விரல் மூடியது. எனக்குக் கிணற்று மேடு கண்ணில் வந்தது. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கிரைண்டர் போனாப் போகுதுங்க. பீரோ போனாப் போகுது. எனக்கு நீங்க வேணும்ங்க."

அவர் இன்னொரு கையில் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. நான் சொன்னது எட்டுக் குழாயிலும் போய்விட்டது. வாடிவாசல், கேலரி, புளியமரத் தெரு, எல்லா இடத்திலும் என் குரல். கத்தல் நின்றது. நான் வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாத்திரையை வாயில் போட்டு, சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். குடிக்கிற சத்தமும் குழாயில் கேட்டது.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"காளைக்கு டாக்டர் பாத்தாச்சா?"

கூட்டம் பழக்க தோஷத்தில் பதில் சொன்னது. "பாத்தாச்சு!"

"மாடு பிடிக்கிற வீரருக்கு டாக்டர் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு!"

"மைக் பிடிக்கிறவனுக்கும் பாத்தாச்சுய்யா! இது சுகர் மாத்திரை இல்ல. மனசுக்குச் சாப்பிடுற மாத்திரை. எனக்கு பைபோலார்னு ஒரு நோய். போன வருசம் இந்த மேடைல நின்னு பேசினேனே, கை தட்டினீகளே, அன்னைக்கித்தான் நோய் முத்தி நின்னுச்சு. தூங்கிப் பல நாள் ஆகியிருந்துச்சு எனக்கு. எங்க வீட்டுக் கிரைண்டரத் தூக்கிக் கொடுத்தது அந்த நோய்தான். அதுக்கப்பறம் நான் படுத்துக் கெடந்தேனே, சாகணும்னு கெணத்து மேட்டுல ஒக்காந்திருந்தேனே, அப்ப கை தட்ட யாரும் வரல. எம் பொண்டாட்டி மட்டுந்தான் வந்தா. புதுக்கோட்டைல மருந்து இருக்கு. சாப்பிடுறேன். இந்தா நிக்கிறேன். கொரல்ல சூடு கம்மியாத்தான் இருக்கும். ஆனா அடுத்த வருசமும் இருக்கும்."

வாடிக்குள்ளே காளை ஒன்று மூச்சு விடுவது மேடைக்குக் கேட்டது. கேலரியிலிருந்து ஒரு குரல், "அப்பச் சுகரே இல்லையாண்ணே?" என்று கேட்டது.

"இல்லடா தம்பி. குடிச்ச பாவக்காச் சாறெல்லாம் வீணு!"

சிரிப்பு வெடித்தது. முனியாயி அத்தை கூட்டத்தில் எங்கோ இருந்து, "அட கட்டையில போறவனே, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல!" என்று கத்தியது. "சரி சரி, வாடிய மறைக்காதீக, காளை காத்துக்கிட்டு இருக்கு" என்று அவர் அடுத்த மாட்டுக்காரர் பேரைச் சொன்னார். நான் சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டு வைத்தேன். சாயங்காலம் வரை பழைய மாதிரிப் போடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உதயசூரியன் அண்ணன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வாசலில் லோடு ஆட்டோ. அறிவுச்செல்வன் கிரைண்டரை இறக்கிக்கொண்டிருந்தான். தேங்காய் துருவியை மறக்காமல் கொண்டுவந்திருந்தான்.

"எங்கம்மா கொண்டுபோயிக் கொடுத்துட்டுதான் மறுவேலைன்னு சொல்லிருச்சுக்கா. ஜெயிச்ச பொருள் இல்லையாம், நோயில கெடந்த ஆளுகிட்ட வாங்கின பொருளாம்."

கல்லைத் தடவிப் பார்த்தேன். "ஒரு வருசம் ஒங்க வீட்டுல இட்லியாத் தின்னு கல்லத் தேச்சுப்புட்டு, இப்ப வந்து நீதி பேசுறியா?" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். பீரோக்காரரும் மிக்சிக்காரரும் இதுவரை வரவில்லை. அவர்கள் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தார்களோ என்னவோ.

உடனே அரிசி ஊறப்போட்டு, மத்தியானம் அது ஊறியதும் ஆட்டலாம் என்று கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதயசூரியன் அண்ணன் வந்தார். வெற்றிலை பாக்கு இல்லை. சட்டையில் மேல் பொத்தான்கூடப் போடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை இருப்பாக தங்கச்சி?"

"யாருக்குண்ணே? ஒங்க சுகருக்கா?" வாய் சும்மா இருக்காதே எனக்கு.

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். "சிவரஞ்சனி பேங்க் பரீட்சைக்கெல்லாம் படிக்கல தங்கச்சி. மார்கழில இருந்து படுத்தே கெடக்கா. தலை சீவி எத்தனையோ நாளாச்சு. வீடு பூரா பெயின்ட் அடிச்சாள்ல, அப்பவும் மாப்புள மாதிரித்தான், கண்ணு மூடல. நான் ஊரு பூராப் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். நேத்து மாப்புள மைக்ல சொல்லச் சொல்ல, எம்புள்ளையப் பத்திச் சொல்ற மாதிரியே இருந்துச்சு." அதற்கு மேல் பேச முடியாமல் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன். "அழுகாதீங்கண்ணே. நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கு அவளக் கூட்டிக்கிட்டு வாங்க. நானும் வாரேன். தலை சீவலைன்னா என்ன, நான் வந்து சீவி விடுறேன். இன்னைக்கி அவளத் தனியா விடாதீங்க, அம்புட்டுதான்."

உள்ளேயிருந்து எங்கள் வீட்டு மனுஷர் வந்தார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் தோளில் கை போட்டார். "நானும் வாரேன் மச்சான். வரிசை நீளமா இருக்கும், பேசிக்கிட்டே நிக்கலாம்."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பஸ்ஸுல யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்றது மாப்புள?"

"உள்ளதச் சொல்லுங்க. இல்லாட்டி, அதுல ஒங்களுக்கு என்னய்யான்னு திருப்பிக் கேளுங்க. சுகர்னு மட்டும் சொல்லிராதீக மச்சான். முனியாயி அத்தை பாவக்கா நெறையப் பறிச்சு வச்சிருக்கு."

அழுதுகொண்டிருந்த மனுஷர் சிரித்துவிட்டார். நான் கிரைண்டரில் அரிசியைப் போட்டேன். நாளைக்கு மூன்று பேருக்கு இட்லி கட்ட வேண்டும், சிவரஞ்சனிக்கும் சேர்த்து நாலு பேருக்கு.